கேம்ப் ஹேல், கொலராடோ: வெறும் புல்வெளிக்கு எதுக்கு நாலு ஸ்டார்?

முதல்லயே சொல்லிடறேன், இங்க பாக்கறதுக்குன்னு பெருசா எதுவும் நிக்கல. லெட்வில்லுக்கும் மின்டர்னுக்கும் நடுவுல யூஎஸ் 24 ரோட்டுல போறப்ப சட்டுனு மலை விலகி ஒரு அகலமான தட்டைப் பள்ளத்தாக்கு வரும், புல்லு, ஒரு ஆறு, கொஞ்சம் உடைஞ்ச கான்கிரீட், அவ்ளோதான். தெரியாம வந்தா அஞ்சு நிமிஷம் வண்டிய நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுவீங்க. கூட வந்த என் மாமனார் கார்ல இருந்து இறங்கினதும் கேட்ட முதல் கேள்வியே "என்ன மாப்பிள்ளை, கேம்ப் எங்க?"தான். கேம்ப் மேலதான் நின்னுட்டு இருக்கீங்க மாமான்னேன். அவர் என்னைய பாத்த பார்வை இருக்கே.

ஆனா ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இதே பள்ளத்தாக்குலதான் அமெரிக்க ஆர்மியோட பனிமலைப் பயிற்சி முகாம், 1943ல ஏறத்தாழ 15,000 சோல்ஜர் இருந்தாங்க. பேரக்ஸ், ஆஸ்பத்திரி, தியேட்டர், கோவேறு கழுதைக்கு லாயம், ஜெர்மன் கைதிங்களுக்கு தனி வேலி எல்லாம் இருந்த ஒரு ஊரு. போர் முடியறப்போ கட்டிடத்த எல்லாம் பிரிச்சு எடுத்துட்டாங்க. அதனால இந்த ரிவ்யூல இடத்தை எப்படி பாக்கணும்ங்கறதுதான் முக்கால்வாசி இருக்கும், கதை தெரியாம பாத்தா ஒரு ஸ்டார், தெரிஞ்சு பாத்தா நாலு.

நாங்க செஞ்ச வரிசையவே நீங்களும் செய்யுங்க. டென்வர்ல இருந்து ஐ-70 ஹைவேல வந்தா முதல்ல வெயில் (Vail)னு ஒரு ஸ்கீ ரிசார்ட் ஊரு வரும், அங்க வெயில் வில்லேஜ் பார்க்கிங் கட்டிடத்துலயே கொலராடோ ஸ்னோஸ்போர்ட்ஸ் மியூசியம் இருக்கு. டிக்கெட் கிடையாது, உண்டியல்ல இஷ்டப்பட்டத போடலாம். சின்ன மியூசியம்தான், அவசரப்படாம பாத்தாலும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும், ஆனா கேம்ப் ஹேல்ல பயிற்சி எடுத்த மலைப் படையான 10வது மவுண்டன் டிவிஷனுக்குன்னு வெச்சிருக்கற பகுதி அருமையா இருக்கு. வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை பெயின்ட் அடிச்ச நீளமான மர ஸ்கீ, முதுகுல தூக்கற ரக்சாக். அந்த மூட்டை முழுசா கட்டினா 90 பவுண்டு வரைக்கும் வருமாம், கிட்டத்தட்ட 40 கிலோ. அத சுமந்துட்டு ஸ்கீல, அதுவும் 9,200 அடி உயரத்துல. நம்ம தொட்டபெட்டாவே 8,650 அடி சொச்சம்தான், அதுக்கும் மேல ஒரு இடத்துல போய் மாசக்கணக்கா தங்கி ஓடு குதின்னு சொன்னா எப்படி இருக்கும்னு யோசிங்க. எனக்கு கார்ல இருந்து இறங்கி நூறு அடி நடந்ததுக்கே மூச்சு வாங்குச்சு.

சரி, இத எதுக்கு கட்டுனாங்க? 1939 கடைசில சோவியத் படை ஃபின்லாந்துக்குள்ள புகுந்துச்சு, ஃபின்லாந்துக்காரங்க ஸ்கீ போட்டுக்கிட்டு பனிக்குள்ள இருந்து வந்து வந்து அடிச்சதுல அவ்ளோ பெரிய படையே திணறிப் போச்சு. அதை பேப்பர்ல படிச்ச மின்னி டோல்னு ஒருத்தர், இவர் ராணுவ ஆளே இல்ல, நேஷனல் ஸ்கீ பேட்ரோல்னு 1938ல ஒரு சிவிலியன் அமைப்பு ஆரம்பிச்சவர், நமக்கும் இப்படி ஒரு படை வேணும்னு வாஷிங்டன விடாம நச்சரிச்சார். கடைசில ஆர்மி தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல் வரைக்கும் போய் வேலைய முடிச்சார். இதுல பெரிய கூத்து என்னன்னா ஆள் எடுக்கற வேலையவே அந்த சிவிலியன் அமைப்புகிட்ட குடுத்துட்டாங்க. பட்டாளத்துல சேர மூணு பேர்கிட்ட சிபாரிசு லெட்டர் வாங்கிட்டு வரணும்! அதனால காலேஜ் ஸ்கீ சாம்பியன், மலை ஏறுறவன், காட்டு வேலை பாத்தவன், ஹிட்லருக்கு தப்பிச்சு ஐரோப்பாவுல இருந்து வந்த ஸ்கீ வாத்தியாருன்னு ஒரு வினோதமான கூட்டம் சேர்ந்துச்சு.

கேம்ப் கட்ட ஆரம்பிச்சது 1942 ஏப்ரல், நவம்பர்ல ரெடி. ஏழு மாசம். நம்ம அபார்ட்மென்ட்ல லிஃப்ட் ரிப்பேர் பண்றதுக்கே அவ்ளோ நாள் எடுக்கறாங்க. பாண்டோங்கற சின்ன ரயில்வே ஸ்டேஷன் இருந்த இடம், ரயில் லைன் இருந்ததும் சுத்தி மலை இருந்ததும்தான் இங்க வரக் காரணம். பள்ளத்தாக்கு முழுக்க சதுப்பு, ஈகிள் நதி வளைஞ்சு வளைஞ்சு ஓடிட்டு இருந்துச்சு, அதையெல்லாம் மண்ணக் கொட்டி மேடாக்கி ஆத்தையே ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேராக்கிட்டாங்க. இத மட்டும் நீங்க இன்னைக்கும் கண்ணால பாக்கலாம், ரோட்டு மேல வியூ பாயிண்ட்ல இருந்து பாத்தா மலைக்கு நடுவுல ஒரு ஆறு வாய்க்கால் கணக்கா நேரா போகும், பாத்தாலே மனுசன் கைவச்ச வேலைன்னு தெரியும். திரும்ப அத வளைச்சு விட்டு சதுப்ப மீட்கணும்னு பல வருஷமா பேச்சு ஓடிட்டு இருக்கு.

வெயில்ல இருந்து ஐ-70ல கொஞ்சம் போய் மின்டர்ன் எக்சிட் எடுத்து யூஎஸ் 24 பிடிச்சா ஒரு பயங்கரமான வளைவு ரோடு. வழில கில்மன்னு ஒரு ஆளில்லாத சுரங்க ஊரு மலை விளிம்புல தொங்கிட்டு நிக்கும், 1984ல சுரங்கத்தோட சேத்து மூடுனது, விஷக்கழிவு பிரச்சனை, உள்ள போகக்கூடாது, ரோட்டுல இருந்தே பாத்துக்கோங்க. அப்புறம் ரெட் கிளிஃப் ஊர் மேல ஒரு பச்சை இரும்பு ஆர்ச் பாலம். அதைத் தாண்டினா பள்ளத்தாக்கு வந்துடும். வழில ஒரு ஊர்ல சாப்பிட நிறுத்தினோம், பேரு வேணாம், ஆறிப்போன சாண்ட்விச்சுக்கு குடுத்த காச நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. புளி சாதம் கட்டிட்டு போயிடுங்க, கேம்ப்ல ஆத்தோரமா உக்காந்து சாப்பிட இடத்துக்கு பஞ்சமே இல்ல.

உள்ள செல்ஃப் கைடட் டூர் இருக்கு, மண் ரோட்டுல காரை ஓட்டிட்டு ஒவ்வொரு நிறுத்தமா போர்டு படிச்சுட்டு போகலாம், காசு எதுவும் கிடையாது. சாதா கார் போதும், மழை பேஞ்ச மறுநாள்னா மட்டும் பாத்துக்கோங்க. ஃபீல்ட் ஹவுஸ்னு அந்தக் காலத்து ஜிம்மோட கான்கிரீட் மிச்சம் இருக்கு, இருக்கறதுலயே பெரிய இடிபாடு இதுதான். இன்னொரு பக்கம் வெடிமருந்து வெச்ச பங்கர். எனக்கு ரொம்ப பிடிச்சது அதெல்லாம் இல்ல, பேரக்ஸ் இருந்த இடம். புல்லு இடுப்பு வரைக்கும் இருக்கும், முதல்ல ஒன்னும் தெரியாது, உள்ள இறங்கி நடந்தா கால்ல கான்கிரீட் இடிக்கும், அத பிடிச்சுட்டு நேரா போனா அடுத்தது, அதுக்கு அப்புறம் அடுத்தது, எல்லாம் ஒரே இடைவெளில வரிசை வரிசையா. பையன் ஒரு அஸ்திவாரத்து மேல ஓடி முடிச்சு அடுத்ததுக்கு தாவி எத்தனை இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சு பாதில விட்டுட்டான். சிமெண்ட் விரிசல்ல இருந்து ஒரு அணில் மாதிரி ஜந்து எட்டிப் பாத்து கத்திட்டு திரும்ப உள்ள போயிடுது, பூரா காலனியும் இப்ப அதுங்களோடதுதான்.

இங்க ஒரு முக்கியமான எச்சரிக்கை, குழந்தைங்களோட போறவங்க கண்டிப்பா படிங்க. பயிற்சியில சுட்ட குண்டு, வெடிக்காம மண்ணுக்குள்ள கிடக்கற ஷெல் இன்னும் இருக்கு. கிளீனிங் வேலை பல வருஷமா நடந்தும் முழுசா முடியல, பழைய கட்டிடத்துல இருந்து வந்த ஆஸ்பெஸ்டாஸும் மண்ணுல கண்டுபிடிச்சிருக்காங்க. துருப்பிடிச்ச இரும்பு எது கிடந்தாலும் தொடாதீங்க, எடுத்து பைல போட்டுக்காதீங்க, பாத்த இடத்தை ஞாபகம் வெச்சுட்டு வந்த வழியே திரும்பிப் போய் 911க்கு சொல்லுங்கன்னு போர்டே சொல்லுது. செல்ஃபோன் சிக்னல் பெரும்பாலும் இல்ல, அதனால மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க.

இங்க இருந்தவங்க வாழ்க்கை ஒன்னும் ஸ்கீ ரிசார்ட் வாழ்க்கை இல்ல. ஆயிரம் பில்டிங்குக்கு மேல நிலக்கரி அடுப்பு, கூடவே மலை ஏறுற நீராவி ரயில், பள்ளத்தாக்கு கிண்ணம் மாதிரி இருக்கறதால புகை வெளிய போகாம அப்படியே மேல நிக்கும். எல்லாருக்கும் ஓயாத இருமல், அதுக்கு பாண்டோ ஹாக்னு பேரே வெச்சிட்டாங்க. பக்கத்துல இருக்கற கொஞ்சம் பெரிய ஊரு லெட்வில், அங்க சூதாட்டமும் விபச்சாரமும் ஜாஸ்தின்னு கொஞ்ச நாள் சோல்ஜருக்கு தடை போட்டிருந்தாங்க. 1944 வசந்தத்துல டி-சீரீஸ்னு ஒரு பயிற்சி, வாரக்கணக்குல மலை உச்சில பனிக்குள்ள டென்ட் போட்டு, ஃபாரன்ஹீட் மைனஸ் 20, 30னு போற குளிர்ல. போர்ல இருந்தத விட அதுதான் மோசம்னு பின்னாடி நிறைய பேர் சொல்லியிருக்காங்க. ஆயிரக்கணக்குல கோவேறு கழுதை வேற, பனில வழுக்காம போற வீசல் வண்டி, நைலான் கயிறு, ஸ்லீப்பிங் பேக்னு நாம இன்னைக்கு ஆர்இஐ மாதிரி கேம்பிங் சாமான் கடைல வாங்கற ஐட்டத்துக்கெல்லாம் சொந்தக்காரன் மாதிரி ஒன்னு இங்கதான் பரிசோதனைக்கு வந்துட்டு போயிருக்கு.

இவ்ளோ ஸ்கீ பயிற்சி குடுத்து என்ன ஆச்சுன்னு கேட்டா, சண்டைல ஸ்கீ கிட்டத்தட்ட பயனே படல! இதத்தான் நான் மியூசியத்துல படிச்சுட்டு ரெண்டாவது தடவை படிச்சேன். முதல்ல 87வது ரெஜிமென்ட்ட 1943 ஆகஸ்ட்ல அலாஸ்கா பக்கம் கிஸ்கா தீவுக்கு அனுப்புனாங்க, ஜப்பான்காரன் அதுக்கு முன்னாடியே காலி பண்ணிட்டு போயிட்டான், மூடுபனில எதிரின்னு நெனச்சு தங்களுக்குள்ளயே சுட்டுக்கிட்டு சில பேர் செத்ததுதான் மிச்சம். அப்புறம் 1944 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1945 ஜனவரிக்குள்ள டிவிஷன் மொத்தமும் இத்தாலிக்கு போச்சு, அங்க சில ரோந்துக்கு மட்டும் ஸ்கீ எடுத்தாங்க. காப்பாத்துனது மலை ஏறத் தெரிஞ்சதுதான். பிப்ரவரி 18 ராத்திரி ரீவா ரிட்ஜுங்கற செங்குத்து மலைய இருட்டுல ஏறுனாங்க, இந்தப் பக்கமா எவனும் ஏற முடியாதுன்னு ஜெர்மன்காரன் கொஞ்ச பேரத்தான் காவலுக்கு வெச்சிருந்தான், விடியறப்போ இவங்க உச்சில. அதுக்கு அடுத்து மவுண்ட் பெல்வெடேர். நாலு மாசம் கூட சண்டை போடல, ஏறத்தாழ 1000 பேர் செத்துட்டாங்க. அவங்க பேரெல்லாம் கேம்ப்ல இல்ல, தெற்கே டென்னஸி பாஸ் உச்சில, 10,424 அடி, ஸ்கீ கூப்பர் வாசல்ல ஒரு கிரானைட் கல்லுல இருக்கு. பத்து நிமிஷ டிரைவ், மிஸ் பண்ணாதீங்க. அந்த கூப்பர் மலைலதான் இவங்க ஸ்கீ கத்துக்கிட்டதே, இப்பவும் அங்க ஜனங்க ஸ்கீ பண்றாங்க.

திரும்பி வந்தவங்கதான் கொலராடோவ இன்னைக்கு இருக்கற கொலராடோ ஆக்குனாங்கன்னு சொல்லலாம். வெயில் ரிசார்ட் 1962 டிசம்பர்ல திறந்துச்சு, அத ஆரம்பிச்ச பீட் சைபர்ட் இங்க பயிற்சி எடுத்தவர், இத்தாலில முட்டி செதறி இனிமே ஸ்கீயே கிடையாதுன்னு டாக்டர் சொன்ன ஆளு. அரபஹோ பேசின ஆரம்பிச்ச லாரி ஜம்ப், நைக்கி கம்பெனிய ஃபில் நைட்டோட சேந்து தொடங்குன பில் பவர்மன், எல்லாரும் இந்த டிவிஷன் ஆளுங்க. ஸ்கீ ரிசார்ட்ல லிஃப்ட் டிக்கெட் விலையப் பாத்து யாரையாவது திட்டணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

போர்டுல எல்லாம் இந்த ஸ்கீ வீரர் கதைதான் நிறைய. எனக்கு அதவிட சுவாரசியமா இருந்தது ஓரமா ஒளிஞ்சிருக்கற ரெண்டு கதை.

ஒன்னு டேல் மேப்பிள். ஹார்வர்டுல படிச்சவன், ஏகப்பட்ட மொழி தெரியும், நாஜி ஆதரவா பேசி அங்கயே பேரு கெட்டவன். அவனும் ஆர்மில இருந்தான். ஜெர்மனி பக்கம் சாய்வானவன்னு சந்தேகப்பட்டவங்கள எல்லாம் ஒரே கம்பெனில போட்டு துப்பாக்கி குடுக்காம எடுபிடி வேலை வாங்குனாங்க, அந்த கம்பெனிய கொண்டு வந்து எங்க வெச்சாங்க தெரியுமா, ஜெர்மன் போர்க்கைதிங்க இருந்த இதே கேம்ப் ஹேல்ல! எந்த மகராசன் யோசனையோ. 1944 பிப்ரவரில மேப்பிள் ஒரு பழைய கார் வாங்கி ரெண்டு ஜெர்மன் கைதிய ஏத்திக்கிட்டு மெக்சிகோவுக்கு விட்டான். எல்லைக்கு கிட்ட கார் நின்னு போச்சு, நடந்தே எல்லைய தாண்டி சில மைல்ல மெக்சிகோ அதிகாரிகிட்ட மாட்டிக்கிட்டாங்க. கோர்ட் மார்ஷல்ல தூக்கு தண்டனை, அப்புறம் ரூஸ்வெல்ட் அத ஆயுள் தண்டனையா குறைச்சார், அப்புறம் அதுவும் குறைஞ்சு 1950 வாக்குல வெளியவே வந்துட்டான். மாமனார் இந்தக் கதைய கேட்டதுக்கு அப்புறம்தான் இடத்தையே மரியாதையா பாக்க ஆரம்பிச்சார்.

இன்னொன்னு திபெத். 1958ல இருந்து 1964 வரைக்கும், கேம்ப் காலியா கிடந்த நேரத்துல, சிஐஏ இங்க சீனாவ எதிர்த்துப் போராடுன திபெத்திய கெரில்லாங்களுக்கு ரகசியமா பயிற்சி குடுத்துச்சு. உயரம், குளிர், மலை எல்லாம் அவங்க ஊரு மாதிரியே இருக்குன்னுதான் இந்த இடம். மோர்ஸ் கோடு, ரேடியோ, மேப் படிக்கறது, வெடி வெக்கறது, பாராசூட்ல குதிக்கறது. வந்தவங்களுக்கு இது அமெரிக்கால எந்த மூலைன்னு கூட சொல்லல. அக்கம்பக்கத்துக்காரங்க எட்டிப் பாக்கக் கூடாதுன்னு அங்க அணுகுண்டு சம்பந்தமான சோதனை நடக்குதுன்னு பேப்பர்ல செய்தி வேற விட்டாங்க. 1961 டிசம்பர்ல பயிற்சி முடிச்ச ஒரு கூட்டத்தை ராத்திரியோட ராத்திரியா கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஏர்ஃபீல்டுக்கு பஸ்ல கொண்டு போறப்போ பனில பஸ் மாட்டி லேட் ஆகி விடிஞ்சு போச்சு. பொதுஜனம் பாத்துடுச்சு. சோல்ஜருங்க துப்பாக்கி முனைல அவங்கள பிடிச்சு வெச்சு வாயத் திறக்கக்கூடாதுன்னு மிரட்டிட்டாங்க, உள்ளூர் பேப்பர்ல கொஞ்சம் கசிஞ்சுச்சு, நியூயார்க் டைம்ஸ்ல வர இருந்தத டிஃபென்ஸ் செக்ரெட்டரி மெக்நமாரா ஆபீஸ்ல இருந்து ஃபோன் போட்டு நிறுத்துனாங்க. இதே மெக்நமாராதான் பின்னாடி மனைவி ஞாபகமா ஆஸ்பென் பக்கம் ரெண்டு மலைக்குடில் கட்ட உதவி பண்ணார், அந்த குடில் வரிசைக்கு பேரு என்னன்னா 10வது மவுண்டன் டிவிஷன் ஹட்ஸ்.

இங்க பயிற்சி எடுத்து திபெத்துக்குள்ள பாராசூட்ல குதிச்சவங்கள்ல முக்கால்வாசி பேர் உயிரோட திரும்பல. மிச்சம் இருந்தவங்க நேபாளத்துல முஸ்டாங் பக்கம் வருஷக்கணக்கா எல்லைய தாண்டி தாண்டி அடிச்சாங்க. நம்ம ஊர்ல 1962 சீன சண்டைக்கு அப்புறம் திபெத்திய அகதிங்கள வெச்சே சக்ராத்தால ஒரு ரகசியப் படை, ஸ்பெஷல் ஃபிரன்டியர் ஃபோர்ஸ், ஆரம்பிச்சாங்கல்ல, அதுவும் இதே காலகட்டம்தான், ரெண்டையும் சேத்து படிச்சா நல்லா புரியும். இவ்ளோ பெரிய விஷயத்துக்கு இங்க இருக்கறது 2010ல வெச்ச ஒரே ஒரு நினைவுப் பலகை. ஒரு ஸ்டார் நான் குறைச்சது இதுக்குத்தான், ஸ்கீ கதைக்கு குடுத்த இடத்துல நாலுல ஒரு பங்காவது இதுக்கு குடுத்திருக்கலாம். அதே மாதிரி இது யூட் பழங்குடி மக்களோட நிலம்ங்கறதும் ஒரு ஓரமாத்தான் வருது.

2022 அக்டோபர் 12ல பைடன் வந்து இத நேஷனல் மான்யுமென்ட்டா அறிவிச்சார், பக்கத்து டென்மைல் மலைத்தொடரோட சேத்து 53,804 ஏக்கர். அதனால விசிட்டர் சென்டர், கிஃப்ட் ஷாப், ரேஞ்சர் டாக் எல்லாம் இருக்கும்னு எதிர்பாத்து போயிடாதீங்க. பக்கத்துல கேம்ப்கிரவுண்ட் இருக்கு, ராத்திரி தங்கறதா இருந்தா ஆகஸ்ட்லயும் ஸ்வெட்டர் வேணும்.

யாருக்கு செட் ஆகும்: வரலாறு பிடிச்சவங்க, நடக்கப் பிடிச்சவங்க, வீட்ல எப்பவும் போர்டு படிக்கற ஒரு பெரியவர் இருந்தா அவரைக் கண்டிப்பா கூட்டிட்டு போங்க, எங்க மாமனார் ஒரு போர்டு விடாம படிச்சு எங்களுக்கு திரும்ப வகுப்பு எடுத்துட்டார். ஆனா வயசானவங்களுக்கு பிபி, மூச்சுப் பிரச்சனை இருந்தா உயரத்த யோசிச்சு முடிவு பண்ணுங்க, முந்தின நாள் வெயில் ஊர்லயோ ஃபிரிஸ்கோலயோ தங்கி உடம்ப பழக்கிட்டு போறது நல்லது, தண்ணி நிறைய குடிக்க வைங்க. யாருக்கு செட் ஆகாது: ஒரே நாள்ல நாலு இடம் கவர் பண்ணணும்னு லிஸ்ட் போட்டு வர்ற கோஷ்டிக்கு.

போற மாசம் ஜூன் கடைசில இருந்து செப்டம்பர் வரைக்கும். ஜூலைல மதியம் ரெண்டு மணிக்கு மேல இடி மின்னல் வரும், திறந்த வெளி, ஒதுங்க ஒரு கட்டிடம் கூட பக்கத்துல இல்ல, காலைலயே முடிச்சுடுங்க. செப்டம்பர் கடைசி வாரம்னா சுத்தி மலைல ஆஸ்பென் மரமெல்லாம் மஞ்சளாயிடும், கூட்டமும் வரும். குளிர்காலத்துல உள்ள மண் ரோட்டுல பனிய அள்ள மாட்டாங்க, ஸ்னோமொபைல் இல்லன்னா ஸ்கீ இருந்தாத்தான் போக முடியும், ஹைவேல இருந்து பாத்துட்டு திரும்ப வேண்டியதுதான்.